அம்மா திரும்பும் இடம்

ஏங்க,

குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

அலமாரியில் நீங்கள் வைத்த சர்வர் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. படங்களைத் தானாக இறக்குகிறது, பார்த்து முடித்ததும் தானாக அழிக்கிறது. போய்ச் சேர்ந்த என் அம்மாவின் ஒரே வீடியோவும் அதில்தான் இருக்கிறது.

"அதை மட்டும் விட்டுடச் சொல்லுங்க" என்றேன்.

"அழிக்கிற ஸ்கிரிப்ட்டுக்கு உங்கம்மா எங்கம்மால்லாம் தெரியாதும்மா" என்றீர்கள். அதிலிருந்துதான் நான் பேசுவதில்லை.

தினமும் போட்டுப் பார்க்கிறேன். அம்மா கை துடைத்துக்கொண்டு ஏதோ சொல்லத் திரும்பும்போது நிறுத்திவிடுகிறேன். முழுதாக ஓடவிட்டால் அழிந்துவிடும். என்ன சொன்னாள் என்பதே மறந்துபோயிற்று.

இன்று ஸ்கிரிப்ட்டை மாற்றிவிடுங்கள்.

பி.கு.: மாற்றியது சரியா என்று அம்மாவை வைத்துச் சோதிக்க வேண்டாம். அதில் இருக்கும் உங்கள் கார் பந்தய வீடியோவைக் கடைசிவரை ஓடவிடுங்கள். அது அழியாமல் தங்கினால் சாயங்காலம் பேசுகிறேன்.