மெனு மேலே, மாவிலை அதற்கும் மேலே

அக். 10, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. சட்டை, சாக்ஸ், டிபன் பை எல்லாம் ஈரம். வாங்க: பிரிண்டர் ரிப்பன், பூஜைக்குப் பொரி, அவல், மாவிலை.

பில் போடும் புரோகிராமில் மெனு எங்கே இருக்கவேண்டும் என்று இன்றும் சண்டை. நான் எழுதியதில் ஒவ்வொரு விண்டோவுக்கும் அதன் தலையிலேயே மெனு. கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்த வசந்தி, எல்லாவற்றுக்கும் ஒரே மெனு, திரையின் உச்சி விளிம்பில் என்கிறாள்; அப்படியே ஒன்று எழுதியும் வைத்திருக்கிறாள்.

"மவுஸ மேல தள்ளி விட்டா விளிம்புல தானா நின்னுடும் அண்ணே. குறி பாக்க வேணாம்லா."

பாஸ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார். நான் பேசும்போது ஃபேனைப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை முடிவு. பிடித்தது கடைகளுக்குப் போகும், மற்றது குப்பைக்கு.

அக். 12, புதன்
வெயில். வசந்திக்கு ஜன்னலோர மேசை. நான் எத்தனை தடவை கேட்ட இடம்! வயிறு எரிகிறது. இங்கேயாவது ஒளிக்காமல் எழுதலாம்.

பில் கிளார்க் லெட்சுமி அக்காதான் இரண்டையும் ஓட்டிப் பார்க்கிறவர். எது நல்லது என்று கேட்டேன். "பழகிட்டா ரெண்டும் ஓகேலா தம்பி." கொஞ்சம் ஆறுதல். மதியச் சாப்பாடு நாசி கண்டார்.

அக். 13, வியாழன்
ஆயுத பூஜை. கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம், குங்குமம். தோரணம் கட்டுவது வருடா வருடம் நான்தான். அக்காவின் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் இறக்கிக் கட்டினேன். திரையின் மேல்வரி முழுக்க மாவிலை. வசந்தியின் மெனு அங்கேதான். என்னுடையது நடுத்திரையில், பளிச்சென்று.

பாஸ்: "சனிக்கிழம வரைக்கும் யாரும் அவுக்கக் கூடாது."

நல்லது.

அக். 14, வெள்ளி
தூறல். சோதனை.

முதலில் என் புரோகிராம். அக்கா மூன்று விண்டோ திறந்தார். எந்த மெனு எதற்கு என்று கண்ணைச் சுருக்கித் தேடினார். ஒருவர் பில்லை இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிட்டார். "ஐயோ, சாரி தம்பி."

அடுத்து வசந்தியுடையது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான். இலையைப் பார்த்ததும் வாடிப்போனாள். எனக்குள் இனித்தது.

அக்கா இடது கையில் பில், பாஸோடு பேச்சு, வலது கையால் மவுஸை மேலே ஒரு தள்ளு. அம்பு இலைக்குப் பின்னால் போனது. ஒரு கிளிக், இலைக்குக் கீழே மெனு இறங்கியது. மறுபடி தள்ளு, மறுபடி மெனு. ஒரு பில்கூடத் தப்பாகவில்லை.

பொறுக்கமுடியாமல் நானே கேட்டேன்: "மேல மறைக்குதே அக்கா, கஷ்டமா இல்லியா?"

"எது தம்பி?"

பாஸ் சிரித்தார். வசந்தியைப் பார்த்து. வசந்தி தோரணத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. "இப்படி ஒரு டெஸ்ட் எனக்குத் தோணியிருக்காது அண்ணே. தேங்க்ஸ்."

தெரிந்து சொன்னாளா?

நாளை காலை தோரணத்தை அவிழ்க்கவேண்டும். அதுவும் நான்தான்.