எழுபது வளைவும் திரும்பாத வண்டியும்

நவம்பர் 11, 2024
நாமக்கல்லில் முப்பதாம் தேதி பள்ளிகளுக்கான ரோபோ போட்டி. இயற்பியல் வாத்தியாராகப் பிறந்த பாவத்துக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு மிக்சி மூடியே சரியாக மாட்ட வராது. அணியில் மூன்று பெண்கள். தலைவி யமுனா, ஜீப் ஓட்டும் வெள்ளையனின் மகள். வண்டி ஒரு சின்ன மேடு ஏறி, நாலு கம்பங்களைச் சுற்றி வர வேண்டும்.

சுசித்ராவைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள். கோவையில் பம்ப் கம்பெனியில் இன்ஜினியர், என் மகள். கேட்க முடியாது. பேசிப் பதினோரு மாதம்.

நவம்பர் 14
டாங்கி மாதிரி பெல்ட்டா, சக்கரமா?
“பெல்ட்டு அறுந்தா ஆருங்க சார் தெக்கிறது?” என்றாள் யமுனா. சக்கரம்தான். நாலுக்கும் மோட்டார். வேகமானதா, மெதுவாக இழுப்பதா?
“எங்கப்பன் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஜீப்ப ஃபர்ஸ்ட் கியர்லதானுங்க ஏத்தும். இழுவைதான் வேணுமுங்க.”
ஒருமனதாக இழுவை. நாலு சக்கரத்துக்கும் சொரசொர ரப்பர்.

டீக்கடைப் பாவாயி கேட்கிறாள், “ஏனுங்க வாத்தியாரே, பொண்ணு தீவாளிக்கும் வல்லியாட்டிருக்குது?” ஊர்க்கதையெல்லாம் அவளிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறவன் நான். “லீவு இல்லீங்க” என்றேன்.

நவம்பர் 20
ஏறுகிறது! மிளகு காயப்போடும் களத்துச் சரிவில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுகிறது.

நவம்பர் 21
திரும்பவில்லை. ஒரு பக்கச் சக்கரம் முன்னே, மறுபக்கம் பின்னே ஓடினால் திரும்ப வேண்டும். இது குளிர் ஜுரம் வந்ததுபோல் நின்ற இடத்திலேயே உதறுகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே குடியிருந்துகொண்டு ஏறுவதை மட்டுமே யோசித்திருக்கிறோம்! வளைவை ஒருத்தரும் நினைக்கவில்லை.
“இதுவரைக்கும் நாமக்கல்லுக்கு நானு ஆசுபத்திரிக்குத்தானுங்க சார் போயிருக்கறேன்” என்றாள் யமுனா. மறுபடி வண்டியைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

நவம்பர் 22
சோறு வடித்தேன். சுசித்ரா வராமல் பதினோரு மாதமாகியும் ஒரு ஆளுக்கு வடிக்க இன்னும் கை பழகவில்லை.

நவம்பர் 23
எழுதியே விடுகிறேன். போன டிசம்பரில் ஆசிரியர் விழா மேடை. சுசித்ராவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பதினாலு பஜ்ஜி தின்றுவிட்டு, ‘பொண்ணு கருப்பு’ என்று எழுந்துபோனதை நடித்துக் காட்டினேன். மண்டபம் குலுங்கியது. யாரோ எடுத்த வீடியோ அவள் ஆபீஸ் வரைக்கும் போயிற்று. “எல்லாரும் நல்லாச் சிரிச்சாங்களாப்பா?” என்று கேட்டாள். அதுதான் கடைசி.
சீ... எனக்கு எதுக்கு இந்த வாய்?

இன்று வண்டி உதறும் வீடியோவை அவளுக்கு அனுப்பினேன். ‘திரும்ப மாட்டேங்குது. என்ன செய்யலாம்?’ கூடவே ‘அப்பன் மாதிரியே பிடிவாதம்’ என்று தட்டினேன். அனுப்புவதற்குள் அந்த வரியை அழித்தேன்.

நவம்பர் 24
பதில் இல்லை.

நவம்பர் 25
‘முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் எவ்வளவு தூரம்? அகலம் எவ்வளவு?’
அவ்வளவுதான். நலமா இல்லை, அப்பா இல்லை. அளந்து அனுப்பினேன்: நாற்பது சென்டிமீட்டர், இருபத்தைந்து.
‘நீளம் அதிகம். நாலும் தரையைக் கெட்டியாப் பிடிக்குது. முன் சக்கரம் ரெண்டுலயும் ரப்பர் மேல டேப் சுத்துங்க, அது வழுக்கட்டும். பேட்டரியப் பின்னாடி தள்ளுங்க. ஏறப் பின் சக்கரம் போதும்.’
சுற்றினோம். திரும்பியது!
“ஆருங்க சார் சொன்னது?”
“என் மகள்” என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்க்க ஆயிரம் இருந்தது.

நவம்பர் 30
பதினோரு அணியில் நான்காவது. பரிசு மூன்று பேருக்கு. யமுனா அழுவாள் என்று பார்த்தால், ஜெயித்த வண்டிகளின் அடியில் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவற்றை சுசித்ராவுக்கு அனுப்பினேன்.
‘டேப் நின்னுச்சா?’
‘நின்னுச்சு.’
வெகுநேரம் கழித்து: ‘அந்தப் பொண்ணுகளப் பாக்கோணும். அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்ப்பா.’
கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்ததை மூன்று முறை படித்தேன்.

டிசம்பர் 7
நாளைக்கென்று இரண்டு ஆளுக்கு அரிசி அளந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.
“ஏனுங்க வாத்தியாரே, மொகமெல்லாம் வெளிச்சமா இருக்குது. என்னங்க சேதி?” என்றாள் பாவாயி. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
“ஒண்ணுமில்லீங்க” என்றேன். “டீ ஆறுது.”