பெரியம்மாவுக்கு போன் ரிப்பேர்

என் வசந்தி அக்காவுக்கு, முத்தமும் திட்டும் சேர்த்தே எழுதுகிறேன்.

உன்மேல் நான் கோபமாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது என் குரல் இறங்கினால் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ போய் ஐந்து மாதமாகிறது. இந்த ஐந்து மாதத்தில் நான் அழுததைவிடப் பல்லைக் கடித்ததுதான் அதிகம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று பல் டாக்டரே கேட்டுவிட்டார். முழித்துக்கொண்டேதான் கடிக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

போன சனிக்கிழமை ஓர் ஊருக்குப் போயிருந்தோம். யாழினி இப்போது நாலாம் வகுப்பு. இங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கம் தோண்டிய காலத்தைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். ஃப்ரீமான்ட்டிலிருந்து மூன்று மணி நேரம் காரில் போனால், சியரா மலையடிவாரத்தில் அந்தக் காலத்து ஊர் ஒன்று இருக்கிறது. பேர் உன் வாயில் நுழையாது. ஒரே ஒரு வீதி. நம்மூர் கோபி கடைவீதியில் பாதிகூட இருக்காது. ஆனால் திரும்பிய பக்கமெல்லாம் மியூசியம். ஜெயில் ஒரு மியூசியம், பள்ளிக்கூடம் ஒரு மியூசியம், டாக்டர் வீடு ஒரு மியூசியம்.

ஃப்ரீவேயில் ஏறும்போதே செந்தில் மெதுவாக ஆரம்பித்தார். பின்சீட்டில் யாழினி காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள்.

"இந்த ட்ரிப்லயாவது அவகிட்ட சொல்லிரு கவி. இன்னும் எத்தன நாளைக்கு மறைப்ப?"

"சொல்றேன். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஆமாம் அக்கா. நீ செத்துப்போனதை யாழினியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம், உனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வீடியோ கால் ஏன் வரவில்லை என்று முதல் வாரம் கேட்டாள். பெரியம்மாவுக்கு போன் ரிப்பேர் என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள், இன்னும் ரிப்பேர் என்றேன். மூன்றாம் வாரத்திலிருந்து அவள் கேட்கவில்லை. அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. பரீட்சை முடியட்டும், பிறந்தநாள் முடியட்டும், ஸ்பிரிங் பிரேக் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

இந்த வித்தையை நான் யாரிடம் கற்றேன் என்று உனக்கே தெரியும்.

எட்டு மாதம் அக்கா! எட்டு மாதம் ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் ஆஸ்பத்திரிக்கு அலைந்திருக்கிறாய். ஒவ்வொரு வாரமும் என் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறாய். எப்போது கூப்பிட்டாலும் தலையில் துண்டு. "இப்பத்தான் தலைக்குத் தண்ணி வாத்தேன் கண்ணு" என்பாய். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளிக்காத வீடு நம்மூரில் ஏது? ஒருநாள் நானே கிண்டல் வேறு பண்ணினேன். "என்னக்கா, துண்டோடயே பொறந்தவ மாதிரி இருக்கற?" என்றேன். நீ சிரித்தாய். துண்டுக்குக் கீழே ஒரு முடி இல்லை. அதை வைத்துக்கொண்டு எப்படியடி சிரித்தாய்?

பள்ளிக்கூடத்து ஆபீஸில் இருபது வருஷம் உட்கார்ந்தவள் நீ. ஒரு பையனின் டி.சி.யில் இனிஷியல் மாறிப்போனால்கூட அதைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதுகிற ஆள். உன் கதையில் மட்டும் எதையும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

காரணம் கேட்டதற்கு மாமா போனில் அழுதுகொண்டே சொன்னார். "அவதான் சத்தியம் வாங்கிக்கிட்டா கவிதா. உன்ற பாஸ்போர்ட்ல விசா ஸ்டாம்ப் தேதி முடிஞ்சு போச்சு, சொன்னா நீ கெளம்பி வந்துருவ, வந்தா திரும்பிப் போக முடியாது, புள்ளையும் மாப்பிள்ளையும் அங்க தவிச்சுப் போயிருவாங்கன்னு சொன்னா."

உண்மைதான். ஊருக்கு வந்தால் சென்னையில் இன்டர்வியூ தேதி கிடைத்து, பாஸ்போர்ட்டில் புது முத்திரை வாங்கித்தான் நான் திரும்ப முடியும். தேதி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் வேலை போகும். இதையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அக்காதானே என்று புலம்பினேன். நீ அதை அப்படியே எடுத்து எனக்கெதிராகத் திருப்பிவிட்டாய்.

சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேனா? தெரியாது அக்கா. நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், தெரியாது. ஒருவேளை வராமல் இருந்திருப்பேன். அப்படியானால் அந்தக் கேவலம் என்னுடையதாக இருந்திருக்கும், அதை நான் சுமந்திருப்பேன். வந்திருந்தால் வேலை போயிருக்கும், போகட்டும். எதுவாக இருந்தாலும் நான் முடிவு செய்திருக்க வேண்டியது. எனக்கு வந்த கேள்விக்கு நீ யார் பதில் எழுத?

கடைசியில் என்ன ஆனது? உன்னை எடுத்துக்கொண்டு போனதை போனில் பார்த்தேன். யாரோ ஒரு பையன் கை ஆடஆடப் பிடித்திருந்தான். பாதி நேரம் பந்தல் துணிதான் தெரிந்தது. அப்புறம் ஆளாளுக்கு, இனி வந்து என்ன பண்ணப்போற கவிதா என்றார்கள்.

சரி, மியூசியத்துக்கு வருகிறேன்.

ஜெயிலைப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தைப் பார்த்தோம். செந்தில் வழக்கம்போல எல்லா அட்டைகளையும் ஒரு வரி விடாமல் படித்தார். நான் சொல்வதற்கு இடம் தேடிக்கொண்டே போனேன். ஜெயில் அறையில் வைத்தா சொல்வது? ஒரு கண்ணாடிப் பெட்டியில் சீனத்துக்காரர் ஒருவரின் டீ கெட்டில் இருந்தது. பெயர் தெரியவில்லை என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிற இந்த யோக்கியம் நம் குடும்பத்தில் ஒருவருக்காவது இருந்ததா என்று அங்கேயே எனக்குக் கொதித்தது. ஒரு டீ கெட்டிலைப் பார்த்துக் கோபப்படுகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய்.

டாக்டர் வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இருந்தார். சம்பளமில்லாமல் வந்து சுற்றிக்காட்டுகிறவர். அந்தக் காலத்துப் பாவாடையும் குல்லாவும் போட்டிருந்தார், காலில் மட்டும் ரன்னிங் ஷூ. மாடியறையில் மேஜைமேல் பழுப்பேறிய கடிதம் ஒன்று கண்ணாடிக்கு அடியில் இருந்தது. கையெழுத்து புரியாதவர்களுக்காகப் பக்கத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள். யாழினி நோட்டைத் திறந்து அதைக் காப்பி பண்ண ஆரம்பித்தாள். நான் அவள் தோளுக்குமேல் குனிந்து படித்தேன்.

சுரங்கத்தில் வேலை செய்த ஒருவனுக்கு, நாட்டின் அந்தக் கோடியிலிருந்து அவன் அக்கா எழுதியது. எனக்கு நெஞ்சில் நோய் வந்திருக்கிறது, டாக்டர் நம்பிக்கை தரவில்லை, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் இருப்பேனோ என்னவோ, உன்னால் வந்து சேர முடியாது, அதற்காக உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். கீழே அவன் தங்கியிருந்த வீட்டுக்காரிக்கு ஒரு வரி, இவன் இதைப் படிக்கும்போது தனியாக விடாதீர்கள் என்று.

மறுபடியும் பல்லைக் கடித்தேன் அக்கா. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். கப்பலிலும் வண்டியிலும் மாசக்கணக்கில் போய்ச் சேரும் கடிதத்தில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். உன் கையில் போன் இருந்தது. என் முகம் அதில் தெரிந்தது. நீ வாயைத் திறந்திருந்தால் போதும்.

யாழினி பாட்டியிடம் கேட்டாள். "டிட் ஹி கோ ஹோம்?"

"இல்லை கண்ணே, நேரம் கிடைக்கவில்லை. ஆனால் கடைசிவரைக்கும் இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான்" என்றார் அவர்.

அவள் மீதி வரிகளையும் எழுதி முடித்தாள்.

மத்தியானம் பார்க்கிங் லாட்டில் காரின் பின்கதவைத் தூக்கிவிட்டு உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். செந்தில் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணி பாட்டில் வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனார். காரில் ஒரு டஜன் பாட்டில் இருந்தது. இனித் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தேன்.

"யாழி, அம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பெரியம்மா இருக்காங்கல்ல..."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். என்னிடம் எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை, உன்னிடம் மட்டும் பேசுகிற அந்த அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்மா. பெரியம்மா செத்துட்டாங்க."

யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"உன் போன்ல கேம் ஆடுனேன்ல, அப்ப வாட்ஸப்ல போட்டோ வந்துச்சு. பெரியம்மா போட்டோல மாலை போட்டிருந்துச்சு. நம்ம வீட்ல தாத்தா போட்டோலயும் மாலை இருக்குல்ல. மாலை போட்டா டெட்னு எனக்குத் தெரியும்."

"எப்படா பாத்த?"

"லாங் டைம். பிஃபோர் கிறிஸ்துமஸ்."

"அப்புறம் ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?"

அவள் நான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "யூ வுட் க்ரை. அழுதா நீ ஆபீஸ் கால் பேச முடியாது. அப்புறம் உன் ஜாப் போயிடும், நாம இந்தியா போயிடணும். தட்ஸ் வை."

கேட்டாயா அக்கா? காது கொடுத்துக் கேள். உன்னோடு ஒரு வீட்டில் ஒரு மாதம்கூடச் சேர்ந்து இருக்காத பிள்ளை, ஒரு வார்த்தை மாறாமல் நீ சொன்னதையே சொல்கிறாள். அவளுக்கு ஒன்பது வயது. மூன்றாம் வாரம் அவள் கேட்பதை நிறுத்தியது மறந்ததால் இல்லை. நான் அழுதுவிடுவேன் என்று நிறுத்தியிருக்கிறாள். நாலு மாதமாக, பெரியம்மாவுக்கு போன் ரிப்பேர் என்று நான் சொன்னதை நம்பியதுபோல் நடித்திருக்கிறாள். நீ செத்த துக்கத்தை அந்தப் பிள்ளை தனியாக ஒரு ரூமில் உட்கார்ந்து பட்டிருக்கிறது. அடுத்த ரூமில் நான் ஸ்டேட்டஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முதலில் உன்மேல், பிறகு என்மேல், அப்புறம் அடுத்தவர் பாரத்தைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு அதற்குப் பாசம் என்று பேர் வைக்கிற நம் குடும்பம் மொத்தத்தின்மேலும். நாமெல்லாம் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக் காப்பாற்றியே தனித்தனியாக விட்டுவிட்டோம். யார் ஆரம்பித்தது இதை? அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது உன் பிரசவம் முடியும்வரை உன்னிடம் மறைத்தார்களே, அப்போது நீ எவ்வளவு கத்தினாய், ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் தெரிந்தும் எனக்கு ஏன் இதைச் செய்தாய்?

சாதக்கையோடு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். புது ஜாக்கெட் முழுக்கப் புளிச்சாதம். பக்கத்துக் காரில் ஏறவந்த ஒரு குடும்பம் என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றது. செந்தில் வெறுங்கையோடு திரும்பி வந்து இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்சம் அடங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "டிட் இட் ஹர்ட் ஹர்?" என்பதுதான். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது அக்கா. அப்படித்தானே நமக்குப் பழக்கம். நான் விழுங்கிக்கொண்டேன். "ஆமாண்டா, ரொம்ப வலிச்சுது. அம்மாவுக்கும் அப்பத் தெரியாது. பெரியம்மா யாருக்கும் சொல்லல" என்றேன்.

அவள் யோசித்தாள். "தட்ஸ் நாட் ஃபேர்" என்றாள். "அம்மா, ஐ ஆம் மேட் அட் பெரியம்மா."

ஐந்து மாதத்தில் முதல்முறையாக எனக்குத் துணை கிடைத்தது. உன்மேல் கோபப்பட இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.

சத்தியம் வாங்குவதில் கெட்டிக்காரி நீ. இப்போது நான் கொடுக்கிற சத்தியத்தை வாங்கிக்கொள். உன் வருஷத் திதிக்கு நானும் யாழினியும் கோபிக்கு வருவோம். முத்திரை கிடைத்தாலும் சரி, கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டாலும் சரி. செந்திலுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், என்ன நடக்கலாம் என்று மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாகப் பேசியாகிவிட்டது. எனக்கு என்ன வந்தாலும் அவளிடம் முதல்நாளே சொல்வேன். அவள் அழுதால் அழட்டும், பக்கத்தில் இருப்பேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. என்றைக்காவது மன்னித்தேன் என்றால் அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நீ சொல்லியிருந்தால் உன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருக்கக்கூடிய
உன் ஒரே தங்கச்சி,
கவிதா