திரையில் வைத்த திருநீறு

வைஷாலி, பையை இறக்கி வைத்துவிட்டு இந்தக் கடிதத்தைப் படி, கண்ணு. ஒரு கதை சொல்கிறேன்.

இருட்டிப்போன உன் லேப்டாப் திரையைச் சரிசெய்ய மெக்கானிக் ஜெகதீசன் வீட்டுக்கே வந்தார். பிரித்ததும் சிரித்துவிட்டார். "இன்னாம்மா, லேப்டாப்புக்கே பட்டை போட்டு வச்சிகீறீங்க? கீல் சந்தெல்லாம் துன்னூறு!" துடைத்து, ஒயரை மறுபடி செருகியதும் படம் வந்துவிட்டது.

நான் அந்தத் திரையைத் தொட்டதே இல்லை. திரையில் இருக்கும் உன் புருஷன் ஆதித்யாவின் படத்துக்கு நீதான் தினமும் நெற்றியில் திருநீறு இட்டிருக்கிறாய். அமெரிக்காவிலிருந்து அவன் பேசும்போதெல்லாம் நான் முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன். போன வாரம்கூட, "நீங்களே பேசிக்குங்க அத்தை" என்று உள்ளே போய்விட்டாய். கோபம் என்று நினைத்தேன். ஏக்கம் என்று இன்றுதான் தெரிந்தது.

ராத்திரி அவன் கூப்பிடுவான். நீ மட்டும் பேசு. நான் திருப்போரூரில் தங்கை வீட்டில் படுத்துக்கொள்கிறேன். மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது.

வத்தக்குழம்பு அடுப்பின் மேல். அப்பளம் மட்டும் பொரித்துக்கொள்.

– அத்தை

மறந்துவிட்டேன்: பிள்ளை இளைத்திருக்கிறானா என்று பார்த்துச் சொல். எனக்கும் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் பார்க்கிறேன்.

இந்த வாசலில் உங்கள் இருவர் செருப்பும் சீக்கிரமே சேர்ந்து கிடக்கட்டும், கண்ணு.