ஜோ ஜோ என்று முடியும் பாட்டு

ஓசூர்,
6-1-1957

அன்புள்ள விசாலம்,

இங்கே நான் சுகம். நீ சுகம் என்பதை உன் கடிதமே சொல்லிவிட்டது. நாலாம் மாதம் என்று எழுதியிருந்த வரியை மூன்று தடவை படித்தேன். பதினான்கு வருஷம் காத்திருந்தவள் நீ. மாடிப்படி ஏறாதே. வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லி நீ கேட்கப் போவதில்லை, ரிக்‌ஷாவிலாவது போ.

புதுக் குரல் ஏதாவது அகப்பட்டதா என்று கேட்டிருந்தாய். உங்கள் இசைத்தட்டுக் கம்பெனிக்கு நான் இதுவரை சொல்லி அனுப்பிய மூன்று பேரும் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். பேரிகை கிராமத்து நாராயணப்பன் விஷயத்தில் உங்கள் மேனேஜர் சொன்னதும் நியாயந்தான். முதலடி தெலுங்கு, அடுத்தது தமிழ், முடிப்பது கன்னடம் என்றால் தட்டின் மேல் எந்த பாஷை என்று அச்சடிப்பது? நானும் அவரைக் கேட்டேன். "பாஷையா? பாட்டுங்க அது" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இந்த முறை அப்படி ஆகாது. போன மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது சூளகிரி தாண்டி பஸ் நின்றுவிட்டது. ரோட்டோரம் பத்துப் பதினைந்து பெண்கள் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் அதற்குச் சரியாகச் சுத்தியலைப் போட்டார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். சென்னம்மா என்று பெயர். மேலே போகப் போக மெலிகிற குரல் அல்ல. கல்லூரி மேடையில் தார ஸ்தாயி வந்தால் நாமெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவோமே, அந்த இடத்தில் இவள் சாதாரணமாகப் பேசுவது போலப் பாடுகிறாள்.

எந்தப் பாட்டு இவளுக்கு நன்றாக வரும் என்று கூட இருந்தவர்களைக் கேட்டேன். "சென்னம்மான்னா ஜோ ஜோ பாட்டுதான் டீச்சரம்மா. அதுக்குத்தான் சுத்துப்பட்டு ஊர்க்காரங்கள்லாம் அவளக் கூட்டிக்கினு போறாங்க" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளினாள். கூச்சம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி அந்தத் தாலாட்டைக் கேட்டேன். நீலாம்பரி மாதிரி தொடங்குகிறது. ஆனால் அதில் தங்கவில்லை, எங்கோ நழுவிப் போகிறது. ஸ்வரப்படுத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். வரிகளையும் பார்:

கதவில்லா ஊட்டுல காத்தடிக்காது, ஜோ ஜோ
பசிக்காத ஊருல பால் கேக்காதே, ஜோ ஜோ

கதவே இல்லாத குடிசையில் காற்று எப்படி அடிக்காமல் இருக்கும்? அடிக்காது என்று பிள்ளைக்குப் பொய் சொல்கிறாள், பால் வற்றிய தாய். படித்தவர்கள் எழுதிய எத்தனை தாலாட்டில் இது இருக்கிறது?

அவசியம் கூப்பிட்டனுப்பு. அதுவரை நீயே பாடிப் பார். இனிமேல் உனக்கும் ஒரு தாலாட்டு வேண்டுமே.

உன் அன்புள்ள அக்கா,
சரோஜம்மாள்


ஓசூர்,
24-3-1957

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் வந்தது. எந்த முகத்தோடு பதில் எழுதுவது என்று மூன்று நாள் எழுதாமல் இருந்தேன்.

பரீட்சை வேலை இல்லாவிட்டால் நானே கூட வந்திருப்பேன். சென்னம்மாவை அவள் புருஷன் ஆஞ்சப்பனை நம்பி அனுப்பியது என் தவறு. நீ பதிவு அறைக்குள் போய் அவள் தோளைத் தொட்டுத் தைரியம் சொன்னாய், அவள் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள், ஜல்லிப் பாட்டு பாடுகிறேன், இது வேண்டாம் என்றாள், நீ வற்புறுத்தினாய், வயலின்காரர் மெட்டைத் தொடங்கியதும் பாய்ந்துபோய்த் தந்திகளைக் கையால் பிடித்தாள். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கே உடம்பு கூசியது. வித்வானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இனி இந்தப் பக்கத்து ஆள் வேண்டாம் என்று மேனேஜர் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

நேற்று அவளைச் சூளகிரி பஸ் நிற்குமிடத்தில் பார்த்தேன். பத்துப் பேர் எதிரில் கேட்டுவிட்டேன். உனக்காக ஒருத்தி மேனேஜரிடம் கெஞ்சி இடம் வாங்கினாள், அவள் மானத்தை வாங்கிவிட்டாயே என்றேன். கூட நின்றவள், "பட்டணத்துல வாயில கொழுக்கட்டையாடி?" என்று சிரித்தாள். சென்னம்மாவோ, "அந்தம்மா நல்லாருக்காங்களா?" என்று மட்டும் என்னைக் கேட்டாள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

பாட்டு நன்றாக இருக்கிறது, வேறு பாடகியை வைத்துப் பதிவு செய்யலாம் என்கிறாய். செய். பாட்டாவது பிழைக்கட்டும். வேலை செய்யும்போதெல்லாம் அதை முணுமுணுக்கிறாய் என்றும், பாடினால் உள்ளே அசைவு தெரிகிறது என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் மனம் கொஞ்சம் ஆறியது.

உன் அக்கா,
சரோஜம்மாள்


ஓசூர்,
19-5-1957

மதிப்பிற்குரிய சகோதரர் சுந்தரேசன் அவர்களுக்கு,

வீட்டுக்கு எழுதாமல் உங்கள் அலுவலக விலாசத்துக்கு இதை எழுதுவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். இந்தக் கடிதம் விசாலத்தின் கண்ணில் படக்கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சிறிய உறை அவளுக்கு; அதைப் பிரிக்காமல் கொடுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா நாகம்மாவின் பேத்தி, ஐந்து மாதக் குழந்தை, போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டது. இரண்டு நாள் காய்ச்சல்தான். நானும் போனேன். இங்கே ஆண்கள் குழந்தையை எடுத்துக்கொண்டு போவார்கள். பெண்கள் ஏரிக்கரை வரைக்கும் போய் நின்றுவிடுவார்கள். கரை ஏறியதும் ஒரு கிழவி திரும்பி, "வயித்துப்புள்ளக்காரி, கைப்புள்ளக்காரி எல்லாம் ஊட்டுக்குப் போங்கடி. காதுல உழாத தூரம் போங்க" என்று சத்தம் போட்டாள். நாலைந்து பேர் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பிறகு கூட்டத்திலிருந்து ஒருத்தி முன்னால் போய், ஆண்கள் போன திசையைப் பார்த்து நின்றாள். சென்னம்மாதான். ஆண்கள் மண்ணைத் தள்ளிவிட்டுத் திரும்பி வரும் வரைக்கும் அந்த ஜோ ஜோ பாட்டை நிறுத்தாமல் பாடினாள்.

கதவில்லாத வீடு எது, பசிக்காத ஊர் எது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

நீங்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டில் நாலு மாதமாக அது ஒலிக்கிறது. தாலாட்டு என்று பெயர் கொடுத்து அனுப்பியவள் நான். ஜோ ஜோ என்று முடிந்ததால் தாலாட்டு என்று நினைத்தேன். பி.ஏ. படித்திருக்கிறேன், பத்து வருஷமாக இந்தத் தாலூகாவில் பாட்டுச் சேகரிக்கிறேன். அந்தப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டபோதுகூட எனக்கு விளங்கவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க அந்தம்மாக்குக் காயிதம் எழுதிருவீங்க. பாட்டு காதுல உழுறதக் காட்டியும் இது இன்ன பாட்டுன்னு அவங்களுக்குத் தெரியறது பொல்லாப்பு இல்லையாம்மா? மாசமா இருக்கறவங்க மனசு தாங்குமா?" என்றாள். அதனால்தான் என் ஏச்சையும் அந்தச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். பட்டணம் போய் வந்த நாட்களுக்காக மேஸ்திரி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதையும் அவள் சொல்லவில்லை, நாகம்மா சொன்னாள்.

அப்படியானால் என் வீட்டில் மட்டும் எப்படிப் பாடினாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். முதல் நாள் அவள் வந்தபோது, வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று விசாரித்தாள். உபசாரப் பேச்சு என்று நினைத்தேன். இதை நான் விசாலத்துக்கு எழுதவில்லை. எனக்கு ஒரு பெண் பிறந்து பதினோராம் நாள் போய்விட்டது விசாலத்துக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. பத்தொன்பது வருஷம் ஆகிறது. சென்னம்மாவிடம் அதைச் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாராவது பாடினார்களா என்று கேட்டாள். சேலத்தில் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை, யாரும் பாடவில்லை என்றேன். "அப்ப இங்க பாடலாம்" என்று எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

என் மகளுக்காகப் பாடியிருக்கிறாள். நான் பென்சிலை வைத்துக்கொண்டு ஸ்வரம் குறித்துக்கொண்டிருந்தேன்.

இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பாட்டு ஒரு உயிரை என்ன செய்துவிடும் என்று என் வகுப்பில் நானே பேசுவேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தியின் பிள்ளைக்காகத் தனக்கு வந்த ஒரே வாய்ப்பை இவள் கையால் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பாட்டையே வேறொருத்தி பாடித் தட்டாக வந்து, வீடு வீடாகத் தொட்டில் பக்கத்தில் சுழலுமானால் அவள் நிறுத்தியதற்கு என்ன அர்த்தம்? அடுத்த மாதம் பதிவு என்று விசாலம் எழுதியிருந்தாள். எப்படியாவது தடுத்துவிடுங்கள். பாட்டுக்கு வேறு உரிமைக்காரர் இருப்பதாகச் சரோஜம்மாள் எழுதியிருக்கிறாள் என்று கம்பெனி மேனேஜரிடம் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. என் மேல் அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

விசாலம் முணுமுணுப்பதை எப்படி நிறுத்துவது என்றுதான் எனக்கும் வழி தெரியாமல் இருந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள், விடமாட்டாள். சென்னம்மாதான் ஒரு வழி சொன்னாள். வேறு தாலாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள், நிஜமான தாலாட்டு. முழுக்கத் தெலுங்கு, அவளுடைய மூத்த பிள்ளைக்குப் பாடியதாம். அந்தப் பிள்ளை உயிரோடிருக்கிறது, நான் பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தப்பில்லாமல் எழுதிக்கொண்டேன். எழுதும் முன், இது எதற்குப் பாடுவது என்று மூன்று தடவை கேட்டேன், அவள் சிரித்துவிட்டாள். சிறிய உறையில் இருப்பது அதுதான். பழையதைவிட இது பத்து மடங்கு மேல், பழையதை மறந்துவிடு என்று எழுதியிருக்கிறேன். இசையைப் பற்றி நான் விசாலத்திடம் சொல்லும் முதல் பொய் இது.

சென்னம்மாவுக்காக இப்போது எதுவும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் நான் கேட்ட குரல்களில் அவளுக்கு நிகர் இல்லை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை இன்னொரு நாள், விசாலம் கையில் குழந்தையோடு இருக்கும்போது, மறுபடி சொல்கிறேன். அன்று கேட்பாளோ மாட்டாளோ.

வெயில் கடுமையாக இருக்கும். அவள் கால் வீங்குகிறதா என்று பாருங்கள். டாக்டரம்மா சொல்லும் நாளுக்குப் பத்து நாள் முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். தாயும் பிள்ளையும் சௌக்கியமாக வீடு திரும்ப எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்பிக்கை இல்லாதவள் கேட்பதற்கும் ஏதாவது மதிப்பு இருக்கும்.

ஒரே ஒரு விண்ணப்பம். பிரசவம் ஆனதும் நீங்கள் எனக்கு எழுத வேண்டாம். தந்தியும் அடிக்க வேண்டாம். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, அவள் எழுந்து உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு வரி எழுதட்டும். உறையின் மேல் விலாசமும் அவள் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சரோஜம்மாள்