பார்க்காமல் எழுதிய பிரஷர்

என் கன்னியம்மாவுக்கு,

உன் பெண் நன்றாக இருக்கிறாள். வேறு எதைச் சொல்ல வந்தாலும் நீ முதலில் அதைத்தானே கேட்பாய்? போன வாரம் எடை பார்த்தேன், நாலு கிலோ வந்துவிட்டாள். உன் தங்கை அஞ்சலை சங்கில் பால் புகட்டினால் பாதியைத் துப்புகிறாள். ஏழுமலை புகட்டினால் ஒரு சொட்டு கீழே விடுவதில்லை, அப்படி ஒரு அப்பன் செல்லம். பெயர்தான் இன்னும் வைக்கவில்லை. நீ என்ன பெயர் நினைத்து வைத்திருந்தாய் என்று உன் புருஷன் என்னைக் கேட்டான். அதெல்லாம் நீ என்னிடம்தான் சொல்லியிருப்பாயாம். நீ சொல்லவில்லையா, இல்லை, சொல்லி நான்தான் காதில் வாங்கவில்லையா?

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழி ஓரத்தில் இறால் பிடித்துப் பிழைத்த இருளர் பெண் நீ. உங்கள் பகுதிக்குக் கிராம நர்ஸ் நான். மாசமாக இருந்த உன்னை எட்டு மாதம் கவனித்துக்கொண்டது நான் என்று அரசாங்க அட்டை சொல்கிறது. அட்டை சொல்வது பொய். அது எனக்குத் தெரியும், கடைசியில் உனக்கும் தெரிந்திருக்கும். ஏழுமலைக்குத் தெரியாது. என்னைக் கண்டால் இன்னும் எழுந்து நிற்கிறான், கன்னியம்மா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதல் தடவை உன்னைப் பார்த்தது நினைவிருக்கிறதா? ஊர் முடிந்து, வாய்க்கால் மதகு தாண்டினால் உங்கள் தெரு. என் ஸ்கூட்டி மதகோடு நின்றுவிடும். அதற்கு மேல் சேறு என்பது நான் எல்லோரிடமும் சொல்லும் காரணம். அங்கிருந்தே குரல் கொடுப்பேன், மாசமாக இருக்கிறவர்கள் வந்து வரிசையாக நிற்பார்கள். நீ தண்ணீரிலிருந்து நேராக வந்தாய், புடவை சொட்டச் சொட்ட, இறால் போடும் ஓலைப் பறி கழுத்தில் தொங்க. பறியை வாயில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பதை நீ சொல்லித்தான் கேட்டேன். பல் வலிக்காதா என்று கேட்டதற்கு, "பேச முடியாதுக்கா, அதான் கஷ்டம்" என்றாய். சிரித்துவிட்டேன். மற்றவர்கள் என்னை நர்சம்மா என்றார்கள், நீ மட்டும் முதல் நாளே அக்கா.

மாதம் ஒரு தடவை எனக்கு இலையில் இறால் மடித்துக் கொடுப்பாய். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வேன். வீட்டில் தொக்கு வைத்தால் என் மாமியார் இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்வார். ஆனால் ஒரு நாள் நா வறண்டு நின்றபோது நீ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாய். பையில் பாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பாட்டில் காலி. பச்சை இறாலை வாங்கலாம், தண்ணீர் வாங்கக் கூடாது. மங்கலம்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்தே வந்துவிட்டது. நீ சொம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாய். உனக்குப் புரிந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். புரியாமல் இருக்குமா?

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். நழுவப் பார்க்கிறேன் என்று நினைக்காதே.

பிரஷர் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆரம்பத்தில் உங்கள் பக்கமும் வந்தவள்தான் நான். உனக்கு முன்னால் மாசமாக இருந்த ஒன்றிரண்டு பேருக்குக் கையில் பட்டை சுற்றிப் பார்த்துமிருக்கிறேன். ஒரு நாள் மதகிலிருந்து நேராக ஊருக்குள் போனேன். ஊரில் பெரிய வீட்டு அம்மா ஒருவர், சர்க்கரை, பிரஷர் எல்லாம் இருக்கிறவர். கையை நீட்டினார். பட்டையைச் சுற்றப் போனேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அங்க கட்டுனதயா எனக்கும் கட்டுற?"

அவ்வளவுதான் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. துடைத்துவிட்டேன் அம்மா என்று நான் சொன்னேன். துடைத்தேனாம்! ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, அவர் கண்ணெதிரே மறுபடியும் துடைத்துக் காட்டினேன். பிறகுதான் கையைக் கொடுத்தார். அன்றைக்கு அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த மாதத்திலிருந்து மெஷினை மதகுக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தகராறு வேண்டாம், ஊர் ஒத்துழைத்தால்தான் வேலை ஓடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆனால் அட்டையில் கட்டம் இருக்கிறதே, அதை நிரப்ப வேண்டும். மூன்றாம் மாதம் உனக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பார்த்தபோது நூற்றுப்பத்துக்கு எழுபது இருந்தது. நல்ல அளவு. அதையே அடுத்த மாதமும் எழுதினேன். அதற்கடுத்த மாதமும் எழுதினேன். உனக்கு மட்டும் இல்லை, உங்கள் தெருவில் மாசமாக இருந்த எல்லோருக்கும் அதே நூற்றுப்பத்துக்கு எழுபதுதான். மேலே ரிப்போர்ட் போகும். ஒரு தெருவுக்கே எப்படி அம்மா ஒரே பிரஷர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

தடுப்பூசி போட்டேன், அதை மறுக்கவில்லை. உன் கையைப் பிடித்துத்தான் போட்டேன். அது ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற ஊசி, ஊருக்குள் போகாது.

ஏழாம் மாதம் நீ சொன்னாய், "கால் ஜாஸ்தியா வீங்குதுக்கா." நான் என்ன சொன்னேன்? நாள் பூரா தண்ணியிலேயே நின்றால் வீங்காமல் என்ன செய்யும் என்றேன். பிறகு தலைவலி என்றாய். வெயில் என்றேன். கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாய். சாப்பிடாமல் இறங்குகிறாய், அதனால்தான் என்று திட்டி, சத்து மாத்திரை இரண்டு பட்டை கூடக் கொடுத்தேன். இதே மூன்றையும் ஊருக்குள் ஒரு மருமகப் பெண் சொல்லியிருந்தால் மெஷினை எடுத்து, இரண்டு தடவை பார்த்து, அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றியிருப்பேன். அந்தப் படிப்பு எனக்கு இருக்கிறது, கன்னியம்மா. படிப்பு மதகு வரைக்கும் வந்தது.

அந்தக் காலை ஏழுமலை போன் செய்தபோது நான் என் பையனுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். நீ வெட்டி வெட்டி இழுக்கிறாய் என்றான். ஆம்புலன்ஸ் மதகுக்கு வருவதற்குள் நானும் வந்துவிட்டேன். உன்னைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வண்டிக்குள் வைத்துத்தான் முதல் தடவையாக உன் கையில் அந்தப் பட்டையைச் சுற்றினேன். முள் நூற்றெண்பதைத் தாண்டி நின்றது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இல்லை, மெஷின் மேல் பழி போட ஆசைப்பட்டேன். சிதம்பரத்தில் குழந்தையை எடுத்தார்கள். நீ சாயங்காலம் வரைகூட இல்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுபோல உனக்காக ஒரு கூட்டம் போட்டார்கள், கடலூரில். பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் ஏன் என்று விசாரிப்பது வழக்கம். கூட்டத்துக்கு முதல் நாளே எனக்கு மேலே இருக்கிற அதிகாரி அம்மா கூப்பிட்டு, அட்டை சுத்தமாக இருக்கிறது, கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல், குடும்பம் குட்டி இருக்கிறது என்றார். அவரும் கெட்டவர் இல்லை. என்னை மாதிரியே பயந்தவர்.

ஏழுமலையையும் வரச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலி இருந்தும் கதவோரம் நின்றான். அட்டையைப் புரட்டிய ஒரு டாக்டர், எல்லாம் நார்மலாகத்தான் இருந்திருக்கிறது, இவர்கள் எப்போதும் கடைசி நேரத்தில்தான் வருவார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அது ஏழுமலை காதிலும் விழுந்தது. பிறகு அவனைக் கேட்டார்கள், நர்ஸ் ஒழுங்காக வந்து பார்த்தாரா என்று.

"மாசா மாசம் வந்தாங்க சார். மழையில கூட வந்தாங்க. அவுங்க மேல ஒரு கொறையும் கெடையாது."

கன்னியம்மா, அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அட்டையில் இருப்பதெல்லாம் பார்த்து எழுதியதுதானா என்று அடுத்து என்னைக் கேட்டார்கள். "ஆமாம் சார்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நான் உன்னையே மறைத்தேன்.

திரும்பும்போது ஒரே பஸ்ஸில் வந்தோம். அவன் எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட் காலியாக இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றான். நான் வற்புறுத்திய பிறகு ஓரமாக உட்கார்ந்தான். அப்புறம் கேட்டான்.

"ஏங்க்கா, பிரஷருன்னா முன்னாடியே தெரியாதா?"

"சில பேருக்குத் திடீர்னு வரும் ஏழுமலை."

தலையை ஆட்டிக்கொண்டான். அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன். கடலூர் அதிகாரிகளிடம் சொன்ன பொய்யை விட இந்தப் பொய்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த வாரம் மெஷினை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்து, சேற்றில் இறங்கி உங்கள் தெருவுக்குள் வந்தேன். நடக்க முடியாத சேறெல்லாம் இல்லை. அஞ்சலையும் மாசமாக இருக்கிறாள், அப்போது ஏழு மாதம், தெரியும் இல்லையா? அவளுக்குப் பட்டை சுற்றினேன். நூற்றைம்பதுக்கு நூறு. அரை மணி நேரம் படுக்க வைத்து மறுபடி பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. நானே ஆட்டோ பிடித்துச் சிதம்பரம் கூட்டிப்போனேன். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு பெண் அவளைப் பார்த்ததும், பெஞ்சில் இடம் இருக்கும்போதே, அந்தப் பக்கமாகத் தரையில் உட்காரச் சொன்னாள். நான் போட்ட சத்தத்தில் டாக்டரே வெளியே வந்துவிட்டார். ஒரு வாரம் உள்ளே வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, வாரா வாரம் பார்க்கிறேன். உன் தங்கையை விடமாட்டேன்.

ஊருக்குள்ளும் அதே மெஷின்தான் போகிறது. பெரிய வீட்டு அம்மா, அங்கே போய்விட்டுத்தானே வருகிறாய் என்று கேட்டார். ஆமாம், இதே பட்டைதான், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிக்கொள்கிறேன் என்றேன். விருட்டென்று எழுந்து உள்ளே போனார். அவர் மருமகள் வந்து கையை நீட்டினாள். நர்ஸ் மரியாதை இல்லாமல் பேசுகிறாள் என்று என் மேல் புகார் போயிருக்கிறது. போகட்டும்.

திங்கட்கிழமை கடலூர் போய், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் பார்க்கவில்லை, பார்க்காமல் எழுதினேன், உன் அட்டை மட்டும் இல்லை, உங்கள் தெரு அட்டைகள் எல்லாமே அப்படித்தான் என்று. வாங்கிக்கொண்டவர் இரண்டு தடவை படித்துவிட்டு, யோசித்துத்தான் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். மேலே இருக்கிற அம்மா என் போனை எடுப்பதில்லை. வேலை போனால் என்ன செய்வது என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வீட்டுக் கடன் இருக்கிறது, பையன் பத்தாவது. வீராங்கனை மாதிரி உன்னிடம் பேச எனக்கு வாய் இல்லை.

ஆனால் ஏழுமலையிடம் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு தடவை போனேன். ஒரு தடவை அவன் தண்ணீருக்குப் போய்விட்டிருந்தான். இன்னொரு தடவை நான் வாயைத் திறப்பதற்குள், "கொஞ்சம் புடிங்கக்கா, பால் ஆத்திட்டு வரேன்" என்று பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டான். அவள் என் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டு எப்படி வைத்திருப்பது? எழுந்து வந்துவிட்டேன். காகிதத்தில் எழுதிக் கொடுப்பது சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விசாரணைக்கு ஆள் வருவார்கள். அவர்கள் வாயால் அவன் இதைக் கேட்கக் கூடாது. நாளைக் காலை, அவன் தண்ணீரில் இறங்குவதற்கு முன் போகிறேன். முதலில் பிள்ளையை அஞ்சலையிடம் கொடுக்கச் சொல்வேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: "திடீர்னு வரல ஏழுமலை. ரெண்டு மாசமா இருந்துச்சு. கன்னியம்மா சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. நான் பாக்கல." ஏன் பார்க்கவில்லை என்று கேட்பான். சேறு என்று சொல்லமாட்டேன். உங்க சாதி என்று சொல்வேன். அந்த வார்த்தையை அவன் எதிரில் என் வாயால் சொல்வேன்.

அவன் அடிக்கலாம். இனி எங்கள் தெருவுக்கு வராதே என்று சொல்லலாம். உன் பெண்ணை நான் தொடக் கூடாது என்று சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. அப்படிச் சொன்னால், அவளுக்கும் அஞ்சலைக்கும் பார்க்க வேறு நர்ஸை அனுப்பும்வரை அலுவலக வாசலை விட்டு நகரமாட்டேன். இது உனக்கு நான் செய்கிற சத்தியம், கன்னியம்மா. மன்னிப்பு அவனிடமும் கேட்கமாட்டேன், உன்னிடமும் கேட்கவில்லை. நீ இருந்தால் சிரித்துக்கொண்டு கொடுத்துவிடுவாய், அதுதான் பயம்.

நீ நம்பிய உன் அக்கா,
மலர்க்கொடி