ஆளுநருக்கு ‘நீங்கள்’

பிப்ரவரி 6
புதிய மொழிபெயர்ப்பின் மெய்ப்பு வந்துவிட்டது. நான்கு நற்செய்திகள், ஆறு வாரக் கெடு. திருச்சபை அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை பார்க்கிறேன். வேத புத்தகத்தில் கை வைப்பது இதுதான் முதல் முறை. சிவப்புப் பேனாவை எடுக்கவே கூச்சமாக இருந்தது.

பிப்ரவரி 11
அச்சகத்தில் ஒரே இரைச்சல். மெய்ப்பை வீட்டுக்கு எடுத்து வந்து அக்காவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். காதில் விழுந்தால் பிழை தானாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்கா வேலைக்குப் போவதில்லை. முப்பத்தோரு வருடம் அடுத்த வீடுகளில் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்க வைத்தவள்.

கிணற்றடிக் காட்சி. களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் இயேசு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். ‘தா’ என்று கேட்கிறார்.

அக்கா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தினாள். “தண்ணி கேக்குறவரு, ‘தாங்க’ன்னு கேட்டாத்தான் என்னவாம்?” சிரித்தாள். “எனக்குத்தான் எல்லா வீட்லயும் ‘கொண்டா’. பொடிசுங்க கூட அப்படித்தான். அவருமா அப்படிக் கேட்டிருப்பாரு?”

சிவப்புப் பேனாவால் அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

பிப்ரவரி 12
ஆளுநர் இயேசுவை விசாரிக்கும் பக்கத்தைப் புரட்டினேன். தன்னைச் சாவுக்குக் கொடுக்கப்போகிற ஆளுநரை அவர் ‘நீங்கள்’ என்கிறார். கிணற்றடிப் பெண்ணுக்கு ‘நீ’. இப்படிப் பிரித்தது யார்? அவரா — நாமா?

பிப்ரவரி 19
மொழிபெயர்ப்புக் குழுவில் இருக்கும் பேராசிரியரைக் கேட்டேன். “மூலத்துல ரெண்டு பேருக்கும் ஒரே சொல்தாம்மா. மரியாதை நாம சேத்தது. எழுதிக் குடுங்க, குழுவுல வைக்கிறேன்.”

கிணற்றடிப் பெண்ணுக்கும் ‘நீங்கள்’ என்றே போடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 2
குழு கூடியது. எனக்குக் கடைசி நாற்காலி. “ஊர் பேர் தெரியாத பொம்பளைக்கெல்லாம் ‘நீங்க’ன்னா பெரிய குடும்பங்க ஒத்துக்காது,” என்றார் குழுவிலிருந்த ஒரு வக்கீல். பேராசிரியர் விடவில்லை. “சரி, அப்ப ஆளுநருக்கும் ‘நீ’ன்னே போட்டுடலாமா?”

எல்லாரும் தலைவர் பக்கம் திரும்பினார்கள். வெளியீட்டு விழாவுக்கு வரப்போகிறவர் அமைச்சர். அவர் முன்னால் அதிகாரியை ‘நீ’ என்பதா?

குழுத் தலைவர் எங்கள் சபைப் போதகர்தான். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “பழக்கத்துல உள்ளது அப்படியே இருக்கட்டும்மா.”

பேராசிரியரைத் தவிர குழுவில் எல்லாரும் அதற்குக் கை தூக்கினார்கள்.

மார்ச் 16
கடைசி மெய்ப்பு. என்னைத் தாண்டி இதை யாரும் பார்க்கப்போவதில்லை. ‘தா’வோடு நாலு எழுத்து சேர்த்தால் போதும். பேனா முனையை வைத்தேன் — எடுத்துவிட்டேன். திருட்டுத்தனமாகக் கொடுக்கிற மரியாதை என்ன மரியாதை?

அக்காவிடம் சொன்னேன். “உன் வேலைக்கு எதுக்குடி நீயே உலை வைக்கணும்,” என்று தலையைக் கோதிவிட்டாள். அழுதுட்டேன். ஐம்பத்து மூணு வயசுல, சின்னப் புள்ள மாதிரி.

மே 7
விழா. அமைச்சர் முக்கால் மணி நேரம் பேசினார். புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை.

மே 20
போதகர் புதுப் புத்தகத்தோடு அக்காவைப் பார்க்க வந்தார். பன்னிரண்டு வருடப் பழக்கம். அவளைவிடப் பத்து வயது இளையவர். வழக்கம்போல “எப்படி இருக்க?” என்றார்.

“அந்தக் கிணத்தடி எடத்த வாசிங்கய்யா,” என்றாள் அக்கா.

வாசித்தார். அந்த வரி வந்ததும் நின்றுவிட்டார். புத்தகத்தைப் பார்த்தார். வீங்கிய காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

“தாருங்கள்,” என்று வாசித்தார். அச்சில் இல்லாததை. அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போகும்போது வாசலில் திரும்பி, “கால பாத்துக்கங்கக்கா,” என்றார்.

அவர் விட்டுப்போன புத்தகத்தை அக்கா எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 3
இரண்டாம் அச்சுக்குத் திருத்தங்கள் கேட்டுப் போதகரிடமிருந்து சீட்டு வந்தது. அடியில் பென்சிலால் ஒரு பக்க எண்ணை அவரே குறித்திருக்கிறார். எந்தப் பக்கம் என்று நான் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.